11 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒரு கோல்ஃப் ஸ்விங்: நிகழ்வு ஆய்வு

ஆட்டக்காரருக்கு வயது 53. வலது கைக்காரர். 42 வயது வரை வாரம் இரண்டு முறை ஆடி, ஹேண்டிகேப்பை (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 14 வரை இறக்கியவர். பிறகு வேலை மாற்றம், வீட்டுப் பொறுப்பு என்று 11 ஆண்டுகள் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, தொடவில்லை. பை அடையாறு வீட்டின் பரணில் கிடந்தது. திரும்பி வந்து நான்கு மாதம் ஆடியும் ஸ்கோர் (ஒரு ஆட்டத்தில் எடுத்த மொத்த அடிகள்) 105-க்குக் கீழே இறங்காத நிலையில் இந்த ஆய்வு தொடங்கியது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, ஸ்விங் சம்பந்தப்பட்டதை மட்டும் பதிவு செய்கிறோம்.

மிக நீள அடிக்கான கிளப்பான டிரைவரை எடுத்தால் பந்து லேசாக இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து ஓரத்து உயரப் புல்லான ரஃபுக்குள் போகிறது. நடுத்தர தூரத்துக்கான 7 அயர்ன் கிளப் ஒரு அடி தரையில் மாட்டுகிறது, அடுத்தது பந்தின் நடு வயிற்றில் பட்டுத் தரையோடு ஓடுகிறது. பயிற்சித் திடலான ரேஞ்சில் சுமாராக வரும் அடி மைதானத்தில் வருவதே இல்லை. இவைதான் அவர் சொன்ன புகார்கள். ஒவ்வொரு முறையும் 100 பந்து அடித்துத் தள்ளிப் பார்த்திருக்கிறார். வீடியோ பார்த்து வாரத்துக்கு ஒரு திருத்தம் என்று மாற்றிப் பார்த்திருக்கிறார். அடுத்ததாகப் புது டிரைவர் வாங்கும் முடிவில் இருந்தார்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவருடைய ஸ்விங்கில் தெரிந்த கோளாறுகளில் பெரும்பகுதி, கிளப் அசைவதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது. பிடி, நிற்கும் திசை, பந்து வைக்கும் இடம் ஆகிய மூன்றும் நழுவியிருந்தன. அந்த நழுவலைச் சமாளிக்க உடம்பு தானாகச் செய்துகொண்ட ஏற்பாடுகளைத்தான் அவர் “துரு” என்று நினைத்து நான்கு மாதம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பையில் இருந்தவை

ஆளைப் பார்ப்பதற்கு முன் சாமானைப் பார்த்தோம். சென்னைக் காற்றில் பத்து வருடம் கிடந்த செட்டை அப்படியே எடுத்து ஆடுவது ஆபத்தும்கூட. கிளப் தலையை ஷாஃப்டோடு, அதாவது தண்டோடு, ஒட்டவைப்பது எபாக்ஸி பசை. பரண் சூட்டிலும் கார் டிக்கி சூட்டிலும் அது வலுவிழக்கும். ஒவ்வொரு தலையையும் ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஷாஃப்டைத் திருகிப் பார்க்க வேண்டும். துளி அசைவோ நறநறவென்ற சத்தமோ இருந்தால், பிரித்துப் புதிதாக ஒட்டும்வரை அந்தக் கிளப்பைத் தொடக்கூடாது. அடிக்கும்போது தலை கழன்று பறந்தால் பக்கத்துப் பயிற்சி விரிப்பில் (மேட்) நிற்பவர் பாடு ஆபத்து. இவருடைய 5 அயர்ன் அசைந்தது. ஸ்டீல் ஷாஃப்டில் தலைக்கு மேல் ஓரங்குலம் வரை துருப்புள்ளி இருந்தது. மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் அந்த ஷாஃப்ட் ஒடியும். ஷூவும் அப்படித்தான். அடிப்பாகம் பாலியூரிதேனாக இருந்தால், ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தபின் பார்க்க நன்றாகவே இருக்கும், மூன்றாவது ஹோலில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும்.

முக்கியமான தடயம் கிரிப்பிலும் க்ளவிலும் கிடைத்தது. கைப்பிடி உறைகளான ரப்பர் கிரிப்புகள் கல்லாகி, பளபளவென்று வழுக்கின. க்ளவ் அவர் திரும்பி வந்தபோது வாங்கியது, நான்கு மாதப் பழசு. அதில் உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டு விரல் பக்கமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. விரல் பகுதியில் தேய்மானமே இல்லை. கிளப் விரல்களில் படுத்திருந்தால் அந்த இடம் ஓட்டையாகாது. கைப்பிடி உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்து ஒவ்வோர் அடியிலும் திரும்பியிருக்கிறது, அவர் அதை நெரித்து நிறுத்தப் பார்த்திருக்கிறார் என்று அந்த ஓட்டை சொன்னது. ஸ்விங்கைப் பார்க்காமலே இவ்வளவு தெரிந்துவிட்டது.

கிரிப் மாற்றுவதை வீட்டிலேயே செய்தார். பழைய கிரிப்பை வளைந்த முனைக் கத்தியால் உடம்புக்கு எதிர்ப்புறமாகக் கீறி உரிக்க வேண்டும். கிராஃபைட் ஷாஃப்ட் என்றால் கத்தி நுனி ஷாஃப்டைக் கீறாதபடி இன்னும் கவனம் வேண்டும். பழைய டேப் பசை முழுவதும் போகத் துடைத்து, இரண்டங்குல அகல இருபக்க டேப்பை நீளவாக்கில் சுற்றி ஒட்டி, மேல்முனையில் அரை அங்குலம் மிச்சம் விட்டு அதை ஷாஃப்ட் துளைக்குள் மடித்துவிட வேண்டும். புது கிரிப்பின் முனை ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை உள்ளே ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் முழுக்க நனையும்படி கொட்டி, ஒரே மூச்சில் கிரிப்பைத் தள்ளி ஏற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டு, நிழலில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்வது நல்லது. அடுப்பும் விளக்கும் பக்கத்தில் எரியக்கூடாது. ஏற்றியபின் கிளப்பைத் தரையில் வைத்து கிரிப்பின் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்பான பட்டரைத் தவிர எல்லாவற்றுக்கும் மாற்றினார். அந்த ஒரு வேலையிலேயே கையின் இறுக்கம் பாதி குறைந்தது.

புது டிரைவர் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னோம். பழைய டிரைவர் 9.5 டிகிரி லாஃப்ட் (ஃபேஸின் சாய்வு), ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு). அவருடைய இப்போதைய வேகத்துக்கு இரண்டுமே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் ஃபேஸ், அதாவது பந்தில் படும் கிளப் முகம், ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு கோணத்தில் வரும் ஆளுக்கு கிளப் பொருத்திப் பார்த்தால், கோளாறுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்த கதையாகிவிடும்.

அளந்து பார்த்தது

கிளப், பந்து இரண்டின் வேகத்தையும் திசையையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியில் டிரைவர் அடிகளின் சராசரி: கிளப் வேகம் மணிக்கு 88 மைல். கிளப்பின் பாதை இலக்குக் கோட்டுக்கு 7 டிகிரி இடப்பக்கம். ஃபேஸ் 2 டிகிரி இடப்பக்கம். பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்து வரும் ஸ்மாஷ் ஃபேக்டர் 1.36. டிரைவருக்கு இது 1.50-ஐ ஒட்டி வந்தால்தான் சுத்தமான அடி.

இந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஃபேஸ். டிரைவரில் அதன் பங்கு 85 சதவீதம் அளவுக்கு. பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை முடிவு செய்வது ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். பாதைதான் கிளம்பும் திசை என்று பழைய பாடத்தில் கற்றவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரேடார் கருவிகள் வந்தபின் அது தவறென்று ஆகிவிட்டது. இவருக்கு ஃபேஸ் இலக்கைவிட இடப்பக்கம் பார்த்தாலும், பாதையோடு ஒப்பிட்டால் 5 டிகிரி திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது. அதனால் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது. அவரோ பந்து வலப்பக்கம் போகிறதே என்று, தன்னை அறியாமல் இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு இடப்பக்கம் நிற்கிறாரோ அவ்வளவு பாதையும் இடப்பக்கம் போகும், ஃபேஸோடு வித்தியாசம் கூடும், வளைவும் கூடும். மறுபடி இன்னும் இடப்பக்கம் நிற்பார். நான்கு மாதமாக இந்தச் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பந்து ஃபேஸில் எங்கே படுகிறது என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் பட்டாணி அளவுக்குப் புள்ளி வைத்து, அந்தப் பக்கம் ஃபேஸைப் பார்க்கும்படி பந்தைத் தாங்கும் சிறு ஆணியான டீயில் வைத்து அடித்தால் தடம் ஃபேஸில் பதியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இவருக்குத் தடம் மையத்திலிருந்து குதிகால் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கம், முக்கால் அங்குலம் தள்ளி விழுந்தது. டிரைவரின் குதிகால் பக்கம் பட்டால் பந்து வலப்பக்கம் வளையும் சுழற்சி தானாகவே கூடும். ஆக ஒரே ஸ்லைஸுக்கு (வலப்பக்கம் வளையும் அடிக்கு) அவரிடம் இரண்டு காரணங்கள் இருந்தன.

செல்போனை 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் வைத்து இரண்டு கோணத்தில் எடுத்தோம். பின்னாலிருந்து எடுப்பது கை உயரத்தில், கால்விரல் கோட்டின் நேராக இருக்க வேண்டும். எதிரிலிருந்து எடுப்பது மார்புக்கு நேராக. போனை ஓரடி தள்ளி வைத்தாலே பாதை வேறுமாதிரி தெரியும். அதைப் பார்த்துவிட்டு இல்லாத கோளாறைத் திருத்தப் போகிறவர்கள் உண்டு. ஸ்டாண்ட் இல்லையென்றால் கோல்ஃப் பையின் வாயில் செருகிவைத்தால் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடம்.

ஏன் முதலில் பிடி

வீடியோவைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது கீழே வரும்போது வலது தோள் முன்னால் பாய்வதுதான். “மேலிருந்து வருகிறீர்கள், உள்ளிருந்து வாருங்கள்” என்று பாதையைத் திருத்தத் தோன்றும். அதைச் செய்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். பிடி அப்படியே இருக்க, பாதையை மட்டும் வலப்பக்கம் திருப்பினால், திறந்த ஃபேஸ் இலக்குக்கு வலப்பக்கம் பார்க்க ஆரம்பிக்கும். பந்து வலப்பக்கம் கிளம்பி வலப்பக்கமே போய் பக்கத்து ஹோலின் புல்வழியான ஃபேர்வேயில் விழும். இரண்டே நாளில் உடம்பு பழைய வழிக்குத் திரும்பிவிடும், ஏனென்றால் அந்தப் பிடிக்குப் பழைய பாதைதான் சரியான ஏற்பாடு. ஃபேஸ் மூடினால் பாதைக்கு இடப்பக்கம் போக வேண்டிய அவசியமே குறையும். ஆகவே வரிசை முதலில் ஃபேஸ், அதாவது பிடி, பிறகு நிற்கும் திசை, அதன்பிறகுதான் பாதை.

அவருடைய இடது கையில், மேலிருந்து பார்த்தால் ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரிந்தது. கட்டைவிரல் ஷாஃப்டின் உச்சியில் நேராகக் குந்தியிருந்தது. திருத்தம் இப்படி: இடது கையைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்; அது இயல்பாகக் கொஞ்சம் உள்ளே திரும்பித் தொங்கும். அந்தக் கோணத்தை மாற்றாமல் கிளப்பைக் கையில் வாங்குங்கள். கைப்பிடி ஆள்காட்டி விரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டு விரலின் அடிவரை சாய்வாகப் படுக்க வேண்டும். உள்ளங்கை மேடு கைப்பிடியின் மேலே உட்கார வேண்டும். இப்போது இரண்டிலிருந்து இரண்டரை முட்டி தெரியும். கட்டைவிரல் உச்சியிலிருந்து சற்று வலப்பக்கம் இறங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு வலது தோளைக் காட்டும். சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை: ஆள்காட்டி விரலின் வளைவிலும் உள்ளங்கை மேட்டிலும் மட்டும் கிளப்பைத் தாங்கி, மற்ற விரல்களை விரித்துத் தூக்கிப் பாருங்கள். கிளப் நின்றால் விரலில் இருக்கிறது. விழுந்தால் உள்ளங்கையில் இருக்கிறது.

இரண்டு வாரம் பந்தே அடிக்கவில்லை. வீட்டில் டிவி பார்க்கும்போது ஒரு கிளப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிடிப்பது, முட்டியை எண்ணுவது, விடுவது. காலையில் 20, மாலையில் 20. பழைய பிடி கைக்குப் பல வருடப் பழக்கம். பந்து முன்னால் இருந்தால் கை பழைய இடத்துக்கு நழுவிவிடும் என்பதால்தான் பந்தில்லாமல் தொடங்கினோம். புதுப்பிடி எல்லோருக்கும் கோணலாகவே தெரியும். வசதியாகத் தோன்ற ஆரம்பித்த நாளில் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் அன்றைக்குத்தான் பழைய பிடி திரும்பி வந்திருக்கும்.

வேர்வை நம் ஊரில் தனிப் பிரச்சினை. காலை ஏழரைக்குள் க்ளவ் நனைந்துவிடும், வழுக்கும், கை நெரிக்கும், நெரித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொண்டு ஃபேஸ் மூடாது. பையில் மூன்று க்ளவ் வைத்து மூன்று ஹோலுக்கு ஒரு முறை மாற்றி, கழற்றியதைப் பைக்குள் திணிக்காமல் வெளியே கொக்கியில் மாட்டிக் காற்றில் காயவிடுவது போதுமான தீர்வு. தோல் க்ளவை நேர் வெயிலில் காயவைத்தால் அப்பளமாகிவிடும். மே மாதக் கத்திரியில் மழைக்கால க்ளவ் இன்னும் நல்லது. அந்தத் துணி நனைந்தால்தான் நன்றாகப் பிடிக்கும்.

பந்து இடப்பக்கம் போன வாரங்கள்

இந்த நிகழ்வில் கவனமாகப் படிக்க வேண்டிய கட்டம் இது. பெரும்பாலான திருத்தங்கள் இங்கேதான் சாகின்றன.

புதுப்பிடியோடு ரேஞ்சுக்கு வந்த முதல் நாளில் பந்துகள் 25, 30 கஜம் இடப்பக்கம் நேராகப் போய் விழுந்தன. சில இன்னும் இடப்பக்கம் வளைந்தன. “முன்னாடியாவது வலப்பக்கம் போச்சு, இப்போ வலைக்குள்ள போகுதே” என்று அவர் பழைய பிடிக்குத் திரும்பப் பார்த்தார். அவருக்குக் காட்டியது மானிட்டரின் எண்: ஃபேஸ் இப்போது 6 டிகிரி இடப்பக்கம், பாதை அதே 7. வித்தியாசம் 1 டிகிரிதான். அதாவது பந்து கிட்டத்தட்ட வளையாமல், அவர் நின்ற திசைக்கே போகிறது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்ததும் மற்றது வெளியே தெரிகிறது. விளைவு கெட்டதுபோல் தெரிந்தாலும் திருத்தம் பிடித்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. இதை முன்கூட்டியே ஆட்டக்காரரிடம் சொல்லிவைக்காத பயிற்சியாளர், ஆளையே இழப்பார்.

அடுத்தது திசை. ரேஞ்ச் மேட்டின் ஓரக்கோட்டை நம்பக்கூடாது. பல மேட்டுகள் இலக்கைப் பார்த்துப் போடப்பட்டவை அல்ல. எலக்ட்ரிகல் கடையில் வயர் இழுக்க விற்கும் பிவிசி பைப்பை நான்கடியாக இரண்டு துண்டு வெட்டிக்கொண்டால் போதும். ஒன்று பந்துக்கு அந்தப் பக்கம் இலக்கை நோக்கி, இன்னொன்று கால்விரல்களுக்கு முன்னால் அதற்கு இணையாக. பாதங்கள் சரியாக வந்தும் தோள் இடப்பக்கமே திறந்திருந்தது. அதற்குக் காரணம் பந்தின் இடம். 7 அயர்ன் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு முன்னால் இருக்கும் பந்தை எட்ட வலது தோள் முன்னே வந்தே ஆக வேண்டும். நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் மட்டும் இடப்பக்கம் என்று பின்னால் இழுத்தோம். டிரைவருக்கு இடது குதிகாலின் உள்பக்கம், அதைத் தாண்டக்கூடாது. பந்து இடம் மாறிய அன்றே, வேறு எதையும் தொடாமல், பாதை 7-லிருந்து 4-க்கு வந்தது.

மீதியிருந்த பாதைக் கோளாறுக்குக் காலியான அட்டைப்பெட்டி. பந்துக்கு ஓரடி பின்னால், பந்தின் கோட்டுக்கு மூன்று விரல் வெளியே அதை வைத்தால், வெளியிலிருந்து வரும் கிளப் அதைத் தட்டும். செங்கல்லோ கட்டையோ வைக்கக்கூடாது, மணிக்கட்டு போய்விடும். 8 அயர்னில், இடது கை தரைக்கு இணையாகும்வரை மட்டும் எடுத்து, அதே அளவுக்கு முடிக்கும் அரை ஸ்விங். ஒரு நாளைக்கு 45 பந்து. பதினைந்து அடித்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பதினைந்து. நூறு பந்து அடிப்பவருக்கு அறுபதாவது பந்துக்குமேல் கை களைத்து, பழைய ஸ்விங்குக்குத்தான் பயிற்சி நடக்கும்.

மேட் சொல்லாத உண்மை

ரேஞ்சில் வரும் 7 அயர்ன் மைதானத்தில் வராததற்கு மனசு காரணமில்லை. பச்சை மேட்டுக்கு அடியில் சிமென்ட் தளம். கிளப் பந்துக்கு இரண்டங்குலம் முன்னதாக மேட்டில் பட்டாலும் துள்ளி வழுக்கி பந்தைச் சென்று சேரும். பந்தும் தேவலையாகப் பறக்கும். அதே அடியைப் புல்லில் அடித்தால் கிளப் மண்ணில் புதையும். தரையில் மாட்டுவதும் பந்தின் நடுவில் படுவதும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: ஸ்விங்கின் அடிப்புள்ளி, அதாவது கிளப் மிகக் கீழே வரும் இடம், பந்துக்குப் பின்னால் இருக்கிறது. சில நேரம் கிளப் அங்கேயே மண்ணைத் தொடுகிறது, சில நேரம் தொடாமல் மேலேறும் வழியில் பந்தின் வயிற்றில் படுகிறது. நல்ல அயர்ன் ஆட்டக்காரர்களுக்கு அடிப்புள்ளி பந்தைத் தாண்டி நான்கங்குலம் அளவுக்கு முன்னால் இருக்கும். இவருக்கு ஒன்றரை அங்குலம் பின்னால் இருந்தது.

மேட்டிலேயே உண்மை தெரிய வேண்டுமானால், மடித்த கைக்குட்டையைப் பந்துக்கு நான்கு விரல் பின்னால் வைத்து, அதைத் தொடாமல் அடிக்க வேண்டும். அதைவிட நல்லது, பயிற்சிப் புல்தரையிலோ பங்கர் மணலிலோ ஒரு கோடு கிழித்து, பந்தில்லாமல், கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் மட்டும் தரை கீறப்படும்படி ஸ்விங் செய்வது. பத்தில் ஏழு முறை வந்தபின்தான் பந்து. எடை இடது காலுக்குப் போகாதவருக்கு இது வரவே வராது. அதனால் எடையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

53 வயது முதுகு

நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து, மார்புக்குக் குறுக்கே ஒரு கோலை அணைத்துக்கொண்டு திரும்பச் சொன்னோம். வலப்பக்கம் 30 டிகிரிதான் திரும்பினார்; 45 வந்தால் தாராளம். கணினி முன்னால் உட்கார்ந்த 11 வருடம் அங்கே இருந்தது. மார்பு 30-ல் நின்றுவிட, கைகள் மட்டும் பழைய உயரத்தைத் தேடி மேலே போயின. இடது முழங்கை மடங்கியது, கிளப் தலைக்குப் பின்னால் சரிந்தது. அங்கிருந்து கீழே வர வலது தோளைத் தவிர வேறு வழியில்லை.

பழைய ஸ்விங்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற அவருடைய ஆசையை இந்த இடத்தில் விடச் சொன்னோம். இப்போதைய உடம்புக்கு ஏற்றபடி இரண்டு மாற்றங்கள் செய்தோம். வலது பாதத்தை 20 டிகிரி வெளியே திருப்பி வைத்தார். மேலே போகும்போது இடது குதிகால் தரையைவிட்டு எழ விட்டார். இடுப்பு கூடுதலாகத் திரும்பி, முதுகின் பற்றாக்குறையை ஈடுகட்டியது. கைகள் தோள் உயரத்தோடு நின்றன. ஸ்விங் ஓரடி குறைந்தும் கிளப் வேகம் மணிக்கு ஒரு மைல்கூடக் குறையவில்லை, ஏனென்றால் அந்தக் கடைசி ஓரடியில் வேகம் சேர்ந்ததே இல்லை. முதுகுக்குத் தினமும் காலையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, மேல் கையைப் புத்தகம் விரிப்பதுபோல் பின்னால் திறக்கும் பயிற்சி, பக்கத்துக்கு 10. வலி இருந்தால் ஸ்விங்கைத் தொடாமல் முதலில் டாக்டர்.

தகதிமி

240 ஃப்ரேம் வீடியோவில் எண்ணினால், கிளப் கிளம்பி உச்சிக்குப் போக 300 ஃப்ரேம், உச்சியிலிருந்து பந்துக்கு வர 75. அதாவது 4:1. தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் வேகம் ஆளுக்கு ஆள் மாறினாலும் இந்த விகிதம் 3:1-ஐ ஒட்டியே இருக்கும். “மெதுவா எடு” என்று எல்லோரும் சொல்லும் யோசனைதான் இவரைக் கெடுத்திருந்தது. அளவுக்கு மீறி மெதுவாக எடுப்பதால் உடம்பு திரும்புவதை நிறுத்திவிட்டுக் கை தூக்குகிறது, பிறகு தாமதத்தை ஈடுகட்டப் பாய்கிறது.

மிருதங்கம் கேட்டு வளர்ந்த ஊரில் இதற்கு அயல் கருவி வேண்டாம். “த க தி மி” என்று சமமாகச் சொல்லுங்கள். முதல் “த”வில் கிளப் கிளம்ப வேண்டும், “மி”யில் உச்சி, அடுத்த சுற்றின் “த”வில் பந்து. த-விலிருந்து மி வரை மூன்று இடைவெளி, மி-யிலிருந்து த-வுக்கு ஒன்று. மெட்ரோனோம் ஆப்பை நிமிடத்துக்கு 180-ல் வைத்தால், மேலே போக ஒரு விநாடி, கீழே வர மூன்றில் ஒரு பங்கு. “மி” சொல்லும்போது உச்சியில் நிற்கக்கூடாது, அங்கே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் அவருடைய எண்ணிக்கை 240-க்கு 80 என்று வந்துவிட்டது.

நந்தனத்தில்

அண்ணா சாலையை ஒட்டிய காஸ்மோ (காஸ்மோபாலிடன் கிளப்) கோல்ஃப் மைதானத்தில், விடிந்ததும் ஒன்பது ஹோல் வைத்துப் பார்த்தோம். முதல் ஹோல் தொடங்கும் இடத்திலேயே பழையபடி இடப்பக்கம் திரும்பி நின்றார். பை தூக்கி உடன் வரும் கேடி ஓர் அடிக்குமுன் சொன்னார்: “சார், நடு ஃபேர்வே அந்தாண்ட இருக்குது. நீங்க இந்த மரத்த பாத்து நிக்கிறீங்கோ.” ரேஞ்சில் பைப் இருக்கிறது, மைதானத்தில் இல்லை, அதுதான் வித்தியாசம். பந்துக்குப் பின்னால் நின்று, இலக்குக் கோட்டில் பந்துக்கு மூன்றடி முன்னால் ஒரு காய்ந்த இலையோ புல் திட்டோ தேர்ந்தெடுத்து, முதலில் ஃபேஸை அதற்கு நேராக வைத்து, அதன்பிறகே பாதங்களை வைக்கும் பழக்கத்தைப் புகுத்தினோம். ரேஞ்சிலும் கடைசி 15 பந்துக்கு இதே ஒழுங்கு: ஒவ்வொரு பந்துக்கும் வேறு கிளப், வேறு இலக்கு, முழு நடைமுறை. ஒரே கிளப்பில் முப்பது பந்து நன்றாக வந்தால் அது முப்பதாவது பந்துக்கு மட்டுமே சாட்சி.

காலைப் பனி ஃபேஸில் ஒட்டினால் பந்து சுழலாமல் நழுவும். ஒவ்வோர் அடிக்கும் முன் துடைக்க வேண்டும். நண்பகல் நெருங்கினால் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். திருத்தத்தைச் சோதிக்கும் நாட்களில் அதற்குமுன் முடித்துவிடுவது நல்லது, இல்லையென்றால் காற்றின் வளைவையும் ஸ்விங்கின் வளைவையும் பிரித்தறிய முடியாது.

14 வாரம் கழித்து

டிரைவரின் பாதை 7-லிருந்து 2 டிகிரி இடப்பக்கத்துக்கு வந்தது. ஃபேஸோடு வித்தியாசம் 5-லிருந்து ஒன்றரை. மார்க்கர் தடம் மையத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குள். ஸ்மாஷ் ஃபேக்டர் 1.44, அதே 88 மைல் வேகத்தில் பந்தின் வேகம் 120-லிருந்து 127-க்குக் கூடியது. 7 அயர்னின் அடிப்புள்ளி பந்துக்கு இரண்டங்குலம் முன்னால். கடைசியாக ஆடிய ரவுண்டுகள் 93-க்கும் 97-க்கும் இடையில். இப்போதுதான் டிரைவர் பொருத்திப் பார்க்கச் சொன்னோம்: 10.5 டிகிரியிலிருந்து 12-க்குள் லாஃப்ட், ரெகுலர் ஷாஃப்ட்.

தீராதவையும் உண்டு. 14-ஆவது ஹோலுக்குமேல் முதுகு இறுகி, இடது குதிகால் எழுவது நின்று, வலது தோள் பழையபடி பாய்கிறது. 4 அயர்ன் எந்த நாளிலும் வரவில்லை. அதை எடுத்துவிட்டு, அடிக்க எளிதான ஹைப்ரிட் கிளப் வைக்கச் சொல்லியிருக்கிறோம். குழி இருக்கும் புல்தளமான கிரீனுக்கு 50 கஜத்துக்குள் இருக்கும் அடிகளை இந்த ஆய்வில் தொடவே இல்லை. மிச்சமிருக்கும் ஸ்கோரில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. பழைய 14-ஐ அவர் இனி அளவுகோலாக வைத்துக்கொள்வதிலும் பொருளில்லை. 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8-ஐ எடுத்துக் கணக்கிடுகிறது. புதிதாக 20 அட்டை சேர்த்தபின் வரும் எண்தான் அவருடைய எண்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மைதானம் வாரக்கணக்கில் நீரில் ஊறும். அந்த இடைவெளியில் வீட்டில் செய்ய மூன்று வேலைகள் கொடுத்திருக்கிறோம்: தினமும் 20 முறை பிடி, கண்ணாடி முன் முட்டி எண்ணிக்கையோடு; தரையில் ஒட்டிய டேப் கோட்டின்மேல் பந்து இருக்க வேண்டிய இடத்தைக் குறித்துவைத்து நின்று பார்ப்பது; மொட்டை மாடியில் மழை விட்ட நேரத்தில் 180-ல் மெட்ரோனோம் வைத்து 30 வெற்று ஸ்விங். ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி மானிட்டர், மார்க்கர் இரண்டிலும் பார்த்து, தடம் குதிகால் பக்கம் நகர்ந்திருந்தால் முதலில் க்ளவைக் கழற்றி ஓட்டை விழும் இடத்தைப் பார்க்க வேண்டும்.